கிளைவ் படத்தருகே ஆற்காடு என்று எழுதுங்கள்

வேல்ஸில் உள்ள பொவிஸ் கோட்டையைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

இதன் ஆங்கில வடிவம் உங்களுக்குத் தனியே வரும். தமிழில் எழுதிப் பொதுவில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கேட்பது உங்களிடம்தான், ஆனால் பேச்செல்லாம் எங்கள் ஊர்களைப் பற்றியது. அந்த ஊர்க்காரர்களும் படிக்கட்டும், தவறு இருந்தால் சொல்லட்டும்.

உங்கள் கோட்டையில் நத்தானியேல் டான்ஸ் வரைந்த ராபர்ட் கிளைவின் தைலவண்ண ஓவியம் இருக்கிறது. சிவப்புச் சீருடை, குறுக்கே பாத் என்ற பிரிட்டிஷ் அரச விருதின் நாடா, கொஞ்சம் சதை போட்ட முகம், எதற்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை என்பது போன்ற நிற்பு. நல்ல ஓவியம்தான். டான்ஸ் கை தேர்ந்தவர். 1768இல் ராயல் அகாடமியைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிற்காலத்தில் அவரே தூரிகையை வைத்துவிட்டு நாடாளுமன்ற உறுப்பினர் ஆகிவிட்டார் என்பது உபரித் தகவல். அந்தக் காலத்து லண்டனில் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்த இடம் அதுதான் போலும்.

படத்தை இறக்கச் சொல்லவில்லை. எங்களுக்குத் தரவும் வேண்டாம். அது உங்கள் வீட்டுப் படம், உங்கள் சுவரிலேயே இருக்கட்டும். பக்கத்தில் இருக்கும் குறிப்பில் என்ன எழுதுவது என்பதுதான் என் பேச்சு.

கிளைவ் என்றதும் உலகத்துக்கு நினைவு வருவது பிளாசி. அவருக்குக் கிடைத்த பிரபுப் பட்டமே 'பிளாசியின் கிளைவ்' என்றுதான். அயர்லாந்தில் அவர் வாங்கிய நிலத்துக்கும் பிளாசி என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு லிமெரிக் பல்கலைக்கழகம் நிற்பது அந்தப் பெயர் கொண்ட இடத்தில். அவர் மகன் எட்வர்ட் என்றால் ஸ்ரீரங்கப்பட்டணம். உங்கள் கோட்டையில் இருக்கும் திப்புவின் பூப்போட்ட துணிக் கூடாரமும் அரியணையிலிருந்து கழற்றிய புலித்தலையும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கின்றன. (அந்தக் கூடாரத்தைப் பிற்பாடு தோட்டத்து விருந்துகளுக்குப் பந்தலாகவும் கட்டியிருக்கிறார்கள். துணி தாங்கியதே பெரிது.) அப்பனுக்கு வங்கம், மகனுக்கு மைசூர். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாடே காணாமல் போகிறது. இரண்டு கிளைவுகளும் கால் ஊன்றி நின்றது தமிழ்நாட்டு மண்ணில். கிளைவ் குடும்பத்தின் கையில் முதல் காசு விழுந்ததும் இங்கேதான்.

முதல் காசு என்று சொன்னதை விரிக்கிறேன், ஏனென்றால் அந்தப் படத்தில் நிற்பவர் படைத் தளபதி மட்டுமல்ல, அரசியல்வாதியும்கூட. சீருடை அதை மறைத்துவிடுகிறது.

கிளைவ் 1744இல் கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின், எழுத்தராக மதராஸ் வந்து இறங்கியபோது வயது 18. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்ததும் வேஷம் மாற்றிக்கொண்டு கடலூர்ப் பக்கம் இருந்த செயின்ட் டேவிட் கோட்டைக்குத் தப்பினார். கொஞ்ச காலம் கழித்து அவருக்குக் கிடைத்த வேலைதான் முக்கியமானது: படைக்குச் சாப்பாடு, மாடு, வண்டி ஏற்பாடு செய்து கொடுக்கும் பொறுப்பு. அதில் கமிஷன் உண்டு. கர்நாடகப் போர்கள் என்று நீங்கள் சொல்கிற அந்தச் சண்டைகள், ஆற்காட்டு நவாப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் அடித்துக்கொண்டு, ஒருவர் பின்னால் பிரெஞ்சுக்காரரும் மற்றவர் பின்னால் ஆங்கிலேயரும் நின்ற சண்டைகள், பாலாற்றங்கரையிலும் காவிரிக்கரையிலும் நடந்தன. ஊருக்குள் படை வந்தால் நெல்லும் மாடும் யார் வீட்டிலிருந்து போகும் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1753இல் கிளைவ் ஊர் திரும்பும்போது அவரிடம் சுமார் 40,000 பவுண்டு இருந்தது. அப்போது பிளாசி நடந்திருக்கவில்லை. வங்கத்தில் அவர் எந்தப் போரிலும் இறங்கியிருக்கவில்லை. அவ்வளவும் இங்கே சேர்த்தது.

அந்தப் பணம் எங்கே போனது? கொஞ்சம் அப்பாவின் எஸ்டேட் அடமானத்தை மீட்க. கொஞ்சம் லண்டனில் ஆடம்பரத்துக்கு. மிச்சத்தில் ஒரு பங்கு 1754 தேர்தலுக்கு. கார்ன்வாலில் மிட்செல் என்ற சின்னத் தொகுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள், அவர்களைக் 'கவனித்துக்கொள்ள' வேண்டும். ஓட்டுக்குப் பணம் என்பதை நாங்கள் கண்டுபிடித்ததாக இங்கே சிலர் பெருமையும் வெட்கமுமாகச் சொல்லிக்கொள்வார்கள். இல்லை, அதற்கு முன்னோடிகள் உங்கள் ஊரில் இருக்கிறார்கள். கிளைவ் ஜெயித்தார். எதிராளிகள் முறையீடு செய்ய, 1755இல் நாடாளுமன்றம் அவர் இடத்தைப் பறித்தது. காசும் போச்சு, பதவியும் போச்சு. அதே ஆண்டு மறுபடி கப்பல் ஏறினார், இந்த முறை செயின்ட் டேவிட் கோட்டைக்குக் கவர்னராக. 1756 அக்டோபரில் அவர் வங்கத்துக்குப் படையோடு புறப்பட்டது மதராஸிலிருந்து. கூடவே மதராஸ் சிப்பாய்களும் போனார்கள். மிட்செல் தொகுதி கையில் நின்றிருந்தால் பிளாசிக்கு வேறு யாராவது போயிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

பிளாசிக்குப் பிறகு, வங்க நவாபாகத் தான் உட்கார வைத்த மீர் ஜாபரிடம் பெற்ற 2,34,000 பவுண்டைப் பற்றி 1773இல் நாடாளுமன்றமே விசாரித்தது. அது உங்களுக்கு நன்றாகத் தெரிந்த கதை, விட்டுவிடுகிறேன். 1761 முதல் 1774இல் இறக்கும்வரை அவர் ஷ்ரூஸ்பரி உறுப்பினர்; சபையில் தனக்கென்று சிறு கோஷ்டியும் வைத்திருந்தார். டான்ஸின் படத்தில் நிற்பது அந்த மனிதர்.

இப்போது ஆற்காடு. 1751 ஆகஸ்ட் கடைசியில் கிளைவ் மதராஸிலிருந்து 200 ஐரோப்பியர்களோடும் 300 சிப்பாய்களோடும் கிளம்பினார். இடி மழைக்குள் அசராமல் நடந்து வருகிறார்கள் என்று ஒற்றர்கள் போய்ச் சொன்னதும், கோட்டையில் இருந்தவர்கள் காலி செய்துவிட்டுப் போனார்கள். பிறகு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிப் வந்து வளைத்துக்கொண்டார். முற்றுகை 50 நாள். கடைசித் தாக்குதல் மொகரம் நாட்களில். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளை வாசல் கதவில் மோத விட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் அவை மிரண்டு திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்தன. பள்ளிக்கூடப் பாடத்தில் இந்த யானைகளைப் பற்றிப் படித்தவர்கள் இங்கே நிறையப் பேர். இப்போது அங்கே போனால் மிஞ்சியிருப்பது பாலாற்றங்கரையில் டெல்லி கேட் என்ற ஒற்றை வாசல். மேலே இருக்கும் அறைக்குக் கிளைவ் அறை என்று பெயர். பஸ்ஸில் போகிறவர்கள் மக்கன் பேடா வாங்க இறங்குவார்களே ஒழிய, அந்த வாசலுக்காக இறங்குகிறவர்கள் குறைவு. இது எங்கள் குறை, உங்கள் மேல் போட மாட்டேன்.

அந்த முற்றுகையைப் பற்றி மெக்காலே 1840இல் ஒரு கட்டுரையில் உருகி எழுதியிருப்பார். தானியம் தீர்ந்துகொண்டே வந்தபோது சிப்பாய்கள் கிளைவிடம் வந்து, சோற்றை ஐரோப்பியர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்றார்களாம். ஆசியாவில் பிறந்தவர்களைவிட ஐரோப்பியர்களுக்கு அதிகச் சாப்பாடு வேண்டும் என்பது அவர்கள் சொன்ன காரணமாம். மெக்காலேக்கு இது கிளைவின் பெருமை: பாருங்கள், எப்படிப்பட்ட தலைவன், எப்படிப்பட்ட விசுவாசம்! இந்தக் கதை அப்படியே நடந்ததோ, சொல்லச் சொல்ல வளர்ந்ததோ, எனக்கு அதில் தட்டுப்படுவது வேறு. கஞ்சி வடிக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்குத் தெரியும், பசி நாளில் கஞ்சித் தண்ணீர் எவ்வளவு தாங்கும், எவ்வளவு தாங்காது என்று. அந்த முந்நூறு பேரும் யார்? எந்த ஊர்? அவர்களுக்குப் படம் கிடையாது. வரைய யாரும் காசு கொடுக்கவில்லை.

கிளைவிடம் சிப்பாயாக இருந்தவர்களில் ஒருவர் பெயர் மட்டும் நின்றது. ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்த யூசுப் கான், எங்களுக்கு மருதநாயகம். கும்பினிக்காகச் சண்டை போட்டு, மதுரையைக் கட்டி ஆண்டு, பிறகு அதே கும்பினிக்கு எதிராகத் திரும்பி, 1764 அக்டோபர் 15இல் மதுரையில் தூக்கில் தொங்கினார். கிளைவுக்கு அந்த ஆண்டுதான் பாத் விருது. படத்தில் தெரியும் நாடா அதுதான்.

உருவப்படம் என்பதே நிற்கிறவர் சொல்கிறபடி வரைவது. உங்கள் கோட்டையிலேயே அதற்கு இன்னொரு சாட்சி இருக்கிறது: பெஞ்சமின் வெஸ்டின் பெரிய ஓவியம், 1765இல் அலகாபாத்தில் முகலாயப் பேரரசர் ஷா ஆலம் கிளைவிடம் திவானியை, அதாவது வங்கத்தில் வரி வசூலிக்கும் உரிமையை, கொடுக்கும் காட்சி. அரியணை, விதானம், கூட்டம், எல்லாம் அமர்க்களம். நடந்தது கிளைவின் கூடாரத்துக்குள், சாப்பாட்டு மேசை மேல் நாற்காலியைத் தூக்கி வைத்து அரியணை ஆக்கிக்கொண்டு. வெஸ்ட் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆகவே சுவரில் தொங்கும் துணி எதையும் சொல்லும். திருத்திச் சொல்லக்கூடிய ஒரே இடம் பக்கத்தில் இருக்கும் அந்தச் சின்ன அட்டைதான். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

உங்கள் முன்னோர்களுக்கு ஆற்காடு தெரியாத பெயர் அல்ல. கடன்பட்ட நவாபுக்கு வட்டிக்குக் கொடுத்த கும்பினி ஆட்கள் நாடாளுமன்றத்தில் ஓர் அணியாகவே உட்கார்ந்திருந்தார்கள். ஆற்காட்டு அணி என்றே அவர்களுக்குப் பெயர். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் என்ற உறுப்பினர் அங்கே நவாபின் கடன்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். அந்தப் பேச்சில் எங்கள் ஏரிகள் வருகின்றன. கரை கட்டித் தண்ணீர் தேக்கிய பழைய மன்னர்களைக் குடிகளின் தகப்பன்மார் என்று புகழ்கிறார். அவரும் இந்தியாவைப் பார்த்தவர் இல்லை. ஆனால் காகிதங்களைப் படித்தார். அன்றைக்கு லண்டனில் ஆற்காடு என்றால் தெரியாத அரசியல்வாதி கிடையாது. அப்படிப்பட்ட பெயர் ஓர் அட்டையில் இடம் பிடிக்காமல் போவதற்கு நியாயம் இல்லை.

மகனுக்கு வருகிறேன். எட்வர்ட் கிளைவ், 1774 முதல் 1794 வரை லட்லோ தொகுதி உறுப்பினர், 1798 முதல் 1803 வரை மதராஸ் கவர்னர். கிளைவ் பெயரைப் பொவிஸோடு சேர்த்தது அவருடைய கல்யாணம். மனைவி ஹென்ரியட்டா பொவிஸ் வீட்டுப் பெண். 1804இல் பொவிஸ் பிரபு பட்டமும் அவருக்கே வந்தது. ஹென்ரியட்டாவும் மகள்களும் 1800இல் மதராஸிலிருந்து மைசூர், கோயம்புத்தூர், திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றி வந்த பயணம் உங்கள் வருகையாளர்களுக்குப் பிடித்த கதையாக இருக்கும். எனக்கும் பிடிக்கும், செடிகளும் கற்களும் சேகரித்த அந்த அம்மாளின் ஆர்வம் பொய்யல்ல. ஆனால் அந்தப் பயணத்துக்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது?

1799 அக்டோபர் 16, கயத்தாறு: பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மனுக்குத் தூக்கு. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடித்த கோட்டையைத் திரும்ப எழுப்பினார். ஜூனில் சின்ன மருது வெளியிட்ட அறிக்கையைத் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டினார்கள். ஜூலையில் நவாப் உம்தத்-உல்-உமரா இறந்தார். அந்த மாதமே கர்நாடகம் முழுவதும் கும்பினி கைக்கு வந்தது. அக்டோபரில் காளையார்கோவில் விழுந்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் 73 பேரைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். இவ்வளவும் எட்வர்ட் கிளைவ் கவர்னராக இருந்த ஐந்து ஆண்டுக்குள்.

அவரைக் கொடுங்கோலர் என்று எழுதச் சொல்லவில்லை. பல முடிவுகள் கல்கத்தாவிலிருந்த கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி எடுத்தவை. எட்வர்ட் அப்பாவைப் போல முரட்டு ஆள் அல்ல என்பதும் தெரியும். ஆனால் 'மதராஸ் கவர்னர்' என்று ஒருவரைச் சொல்லிவிட்டு அடுத்த வரியில் திப்புவுக்குப் போய்விட்டால், அந்தப் பதவிக்குள் கிடக்கும் கயத்தாறும் திருப்பத்தூரும் யார் கண்ணிலும் படாது. அவர் காலத்துக் கட்டடம் ஒன்று எங்களிடம் இருக்கிறது. பிளாசியையும் ஸ்ரீரங்கப்பட்டணத்தையும், அதாவது அப்பா காலத்து வெற்றியையும் தன் காலத்து வெற்றியையும் கொண்டாட அவர் கட்டிய விருந்து மண்டபம், 1802இல் முடிந்தது. இப்போது அதன் பெயர் ராஜாஜி மண்டபம். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று எங்கள் தலைவர்களின் உடலைக் கடைசியாகப் பார்க்க லட்சக்கணக்கானவர்கள் வரிசையில் நின்ற படிகள் அவை. வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேருக்குக் கிளைவ் பெயர் தெரியும்? எங்கள் ஊர் அருங்காட்சியகங்களிலும் கவர்னர் படங்களுக்குக் கீழே பெயரும் வருடமும் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இந்தக் கடிதத்தின் நகலை இங்கே சிலருக்கும் அனுப்பப் போகிறேன்.

2020 செப்டம்பரில் உங்கள் அமைப்பு, தன் பொறுப்பில் உள்ள 93 இடங்களுக்குக் காலனி ஆட்சியோடும் அடிமை வணிகத்தோடும் இருந்த தொடர்பைத் தானே ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அதற்காகத் திட்டும் வாங்கினீர்கள். அந்த நேர்மை மேல் நம்பிக்கை இருப்பதால்தான் எழுதுகிறேன். ஆனால் அறிக்கை என்பது ஆராய்ச்சியாளர் படிப்பது. கோட்டைத் தோட்டத்தையும் மயில்களையும் பார்க்கக் குழந்தைகளோடு வருகிற குடும்பம் படிப்பது சுவரில் இருக்கும் அட்டையை.

வேல்ஸில் பெயர்ப்பலகைகள் இரண்டு மொழியில் நிற்கின்றன. சொந்த ஊர்ப்பெயர் சொந்த மொழியில் பலகையில் வருவதற்கு எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்று உங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பிரிட்டனில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. அவர்களில் சிலராவது பொவிஸுக்கு வருவார்கள். இந்தியா என்று மொத்தமாக எழுதினால் அவர்களுக்கு அது யாருடைய கதையோ. ஊர் பெயர் இருந்தால் அந்தப் படத்தின் முன்னால் பிள்ளையிடம் சொல்ல அவர்களுக்கு ஏதாவது இருக்கும்.

கேட்பதோடு நிறுத்தாமல் ஒரு வரைவும் தருகிறேன். கிளைவ் படத்தருகே வைப்பதற்கு:

"ராபர்ட் கிளைவ் 1744இல் எழுத்தராக மதராஸ் வந்தார். தமிழ்நாட்டில் நடந்த கர்நாடகப் போர்களின்போது படைக்கு உணவும் மாடுகளும் ஏற்பாடு செய்ததில் அவருடைய முதல் செல்வம் சேர்ந்தது. 1751இல் ஆற்காட்டு முற்றுகையில் அவரோடு இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். ஊர் திரும்பியவர் 1754இல் நாடாளுமன்றத் தேர்தலில் பணம் செலவிட்டார். அந்த இடத்தை இழந்த பிறகே மீண்டும் இந்தியா சென்றார். அவர் மகன் எட்வர்ட் மதராஸ் கவர்னராக இருந்தபோது வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாறிலும் (1799) மருது சகோதரர்கள் திருப்பத்தூரிலும் (1801) தூக்கிலிடப்பட்டனர். இவர்களுடைய போராட்டங்கள் தமிழ்நாட்டில் இன்றும் பாடப்படுகின்றன."

ஆங்கிலத்துக்கும் வெல்ஷுக்கும் மாற்றும்போது நீளம் இடிக்கலாம். சுருக்குங்கள், தேர்தல் வரியைக்கூட வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், மனமில்லாமல்தான் சொல்கிறேன். ஊர்ப்பெயர்களில் மட்டும் கை வைக்காதீர்கள். தமிழ் வடிவத்தையும் சேர்த்து அச்சிட முடிவு செய்தால், அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை அனுப்புங்கள். எழுத்துருக் கோளாறில் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும் தமிழை வெளிநாட்டுப் பலகைகளில் நிறையப் பார்த்தாயிற்று. பிழை பார்த்துத் தர நாங்கள் தயார், காசு வேண்டாம்.

அன்புடன்,
ஆற்காட்டுப் பக்கத்து வாசகர் ஒருவர்